வளையிக்கு உள்ளே ஒரு புள்ளி

இரண்டாம் பாடவேளை, பொருளியல்.
பன்னிரண்டாம் தரத்தில் பதினொரு பேர்.
முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலில்
தண்ணீர் திறந்த கிழமை,
ஆகவே ஏழு பேர்.

உற்பத்திச் சாத்திய வளையி கீறினேன்.
கிடையச்சில் வெண்ணெய். நிலைக்குத்தச்சில் துப்பாக்கி.
யாழ்ப்பாணத்து ரியூட்டரியில் நான் எழுதியெடுத்த
அதே கொப்பி, அதே பக்கம்.
வெண்ணெய் கூடினால் துப்பாக்கி குறையும் என்றேன்.
எழுதினார்கள்.
எதைச் சொன்னாலும் எழுதுகிற பிள்ளைகள்.

நிலவழகன் கை உயர்த்தினான்.
"ரீச்சர், வெண்ணெய் எண்டா மாஜரின் மாதிரியோ?"

மற்றதைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே ஒரு லான்ட்மாஸ்டர்
முழு வகுப்பையும் அதிரவைத்துக்கொண்டு போனது.
அழிப்பானைக் காணோம். உள்ளங்கையால் அழித்தேன்.
"சரி. ஒரு ஏக்கர். சிறுபோகம்.
குளத்தில அரைவாசித் தண்ணி. என்ன போடுவியள்?"

அதற்குப் பிறகு வகுப்பை நான் நடத்தவில்லை.
நெல் என்றாள் ஒருத்தி. தண்ணி காணாது என்றான் ஒருத்தன்.
கச்சான் போட்டால் பிடுங்க ஆளில்லை,
பிடுங்கிற ஆக்களெல்லாம் விடிய ஐந்துக்கே
காமென்ற் பஸ்ஸில் ஏறிவிடுகினமாம்.
மயில் தின்கிற பங்கை முதலே கழிக்கவேணும்
என்று பின்வாங்கில் ஒரு சண்டை.
யானைக்கு எந்த நிரல்?
எனக்குத் தெரியவில்லை.

அமையச் செலவுக்கு நான் இன்னும் வரவில்லை.
குகனேசன் வந்துவிட்டான்:
"அப்ப ரீச்சர், நான் இண்டைக்குப் பள்ளிக்கூடம் வந்ததின்ர விலை
ஒருநாள் கூலி."
இடாப்பைப் பார்த்தேன்.
நாலு பெயருக்கு நேரே, சிவப்பில், நான் போட்ட வட்டங்கள்.
கணக்குத் தெரியாத பிள்ளைகள் என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

ஒருவழியாக வளையி வந்தது.
பாடநூலில் இருப்பதுபோல் வழவழப்பாக இல்லை,
மாடு உழக்கின வரம்புபோல.

எழில்வதனி எழும்பி வந்தாள்.
கேட்காமலே சோக்கை எடுத்தாள்.
வளையிக்கு உள்ளே, மூலைக்குக் கிட்ட,
அழுத்தி ஒரு புள்ளி.

"இது எங்கட காணி.
பெர்மிற்றும் இருக்கு.
வன இலாகாவின்ர கல்லும் இருக்கு."

வளையிக்கு உட்புறம் அமையும் புள்ளி,
வளங்கள் முழுமையாகப் பயன்படுத்தப்படாமையைக் காட்டும்.
ஆறு வருசமாகப் படிப்பிக்கிற வசனம்.
யாரால் என்பது
அதில் இல்லை.
இவ்வளவு காலமும் நானும் தேடவில்லை.

அடுத்த மாதம் ஆசிரிய ஆலோசகர் வந்தார்,
மாங்குளத்திலிருந்து மோட்டச்சைக்கிளில், சேட்டெல்லாம் செம்மண்.
கொப்பிகளைப் புரட்டினார்.
"வினாத்தாளில கச்சான் வராது, தங்கச்சி.
பிள்ளையள் பாஸ் பண்ண வேணுமெல்லே."
பொய்யில்லை.
போக எழும்பியவர் படலையடியில் நின்று கேட்டார்:
"மயிலை எப்பிடிக் கழிச்சவை?"

இப்போது கிழமையில் மூன்று நாள் கடந்தகால வினாத்தாள்.
மிச்ச இரண்டு நாளும் சந்தை விலை, நுண்கடன் புத்தகம்,
முறிகண்டியில் பஸ் நின்றால்
ஒரு சுண்டு கச்சானுக்கு என்ன விலை,
அதில் பிடுங்கினவளுக்கு எவ்வளவு.
விடை எல்லா நாளும் வருவதில்லை.
மணி அடித்துவிடும்.

தவணைப் பரீட்சையில் எழில்வதனி
வெண்ணெயும் துப்பாக்கியும்தான் கீறியிருந்தாள்,
அடிமட்டம் பிடித்து, அச்சுகளுக்குப் பெயரிட்டு.
உள்ளே ஒரு புள்ளி.
புள்ளிக்குப் பக்கத்தில், பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்
ஒரு கல்.

புள்ளித்திட்டத்தில் அந்தப் புள்ளிக்கு
இரண்டு புள்ளி.
இரண்டும் போட்டேன்.

கல்லுக்கு ஒன்றுமில்லை.